ஏடு யாருடையது?

மன்னார்த் தீவிலும், அதற்கு எதிரே பெருநிலத்தில் மாந்தை, அடம்பன், வங்காலை, நானாட்டான், முருங்கன் எனப் பரந்து கிடக்கும் மாதோட்டத்திலும் ஆடப்பட்டுவரும் கத்தோலிக்க நாட்டுக்கூத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும், அது எங்கிருந்து வந்தது என்ற வினாவையே முதலில் எதிர்கொள்கின்றனர். அது தமிழ்த் தெருக்கூத்தின் ஒரு கிளையா, போர்த்துக்கேயர் கொண்டுவந்த மறைநாடகத்தின் தமிழ் வடிவமா, இரண்டும் கலந்து பிறந்த மூன்றாவதொன்றா என்று கேட்கும்போது, ஒரு கலையின் மதிப்பு அதன் தோற்றுவாயின் தூய்மையிலேயே தங்கியுள்ளது என்ற எண்ணம் அக்கேள்விக்குள் சொல்லப்படாமலே வந்து அமர்ந்துகொள்கிறது. அவ்வெண்ணத்தைச் சற்றே தள்ளிவைத்துவிட்டு, ஒரு கூத்தை ஆடவும் திருத்தவும் சுருக்கவும் யாருக்கு உரிமை உண்டு, அவ்வுரிமை எவ்வாறு கைமாறுகிறது என்று கேட்டால், மரபு, அசல் என்னும் சொற்களைச் சுற்றி நடக்கும் விவாதம் முழுவதும் வேறு வடிவம் கொள்வதைக் காணலாம். இவ்வினாவைத் தெளிவாகக் கேட்கக் கற்றுத்தருபவர்கள் கூத்தோடு எந்த உறவும் இல்லாத அவுஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர்கள் என்பதால், மன்னாரிலிருந்து அவ்வளவு தொலைவு சென்று திரும்பவேண்டியிருக்கிறது.

மன்னார் வழக்கில் இக்கூத்துகள் நாடகம் என்றும் வாசகப்பா என்றும் இருவகையாகப் பேசப்படுகின்றன. வாசகப்பா என்பது மக்கள் வாயில் வாசாப்பு என்று வழங்கும்; பாட்டுகளுக்கிடையே வாசகம், அதாவது ஓசையோடு நீட்டி உரைக்கும் உரைநடை, விரவிவருவதால் அப்பெயர் பெற்றது. பாடும் முறையையும் அமைப்பையும் கொண்டு வடபாங்கு, தென்பாங்கு என்றொரு பிரிவும் உண்டு. யாழ்ப்பாணப் பக்கத்து முறையை வடபாங்கு என்றும் மாதோட்டத்துக்குரிய முறையைத் தென்பாங்கு என்றும் மன்னார்க் கலைஞர்கள் குறிப்பர். மட்டக்களப்புக் கூத்தில் ஆட்டமும் தாளக்கட்டும் மேலோங்கி நிற்க, மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரக் கத்தோலிக்கரிடத்தும் பாட்டே முதன்மை பெற்றது. கூத்தைப் பயிற்றுவிப்பவர் அண்ணாவியார். பனையோலையில் இருந்து பிற்காலத்தில் கொப்பிக்கு மாறிய பிறகும் ஏடு என்றே வழங்கும் கூத்துப்பிரதி அவர் பொறுப்பில் இருக்கும். அரசன், அரசி, மந்திரி, சேவகர் ஆகியோர் வரவு விருத்தம் பாடித் தோன்றுவதும், கட்டியகாரன் அவர்கள் வருகையைக் கூறுவதும், பாட்டின் பின்னடியைப் பிற்பாட்டுக்காரர் எடுத்துப் பாடுவதும், விடியும் நேரத்தில் மங்களம் பாடி முடிப்பதும் தமிழ்க் கூத்துகள் அனைத்துக்கும் பொதுவானவை. மேடையில் தோன்றும் அரசன் துரியோதனனாகவோ இராவணனாகவோ இல்லாமல் ஏரோதுவாகவோ ஐரோப்பியப் பேரரசன் ஒருவனாகவோ இருப்பதுதான் மன்னாரின் சிறப்பு.

இச்சிறப்பு எவ்வாறு உருவானது என்பதை அறிய, கரையோரத்தின் நானூறு ஆண்டு வரலாற்றைச் சுருக்கமாகவேனும் காணவேண்டும். பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்களுள் சுமார் 600 பேர் 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். தோட்டவெளியில் அவர்கள் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டியபோது, தமிழகத்தின் முத்துக்குளித்துறைப் புன்னைக்காயலிலிருந்து பரதவக் கிறித்தவர்களையும் அழைத்துவந்து குடியேற்றினர். 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மன்னார் மாறியதும் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டு, குருக்கள் இல்லாமல் மக்கள் தாமே தம் மறையைக் காக்கவேண்டியிருந்தது. மாந்தையில் இருந்த மாதா சுருவம் 1670இல் காட்டுக்குள் மருதமடுவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது அக்காலத்தில்தான். 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசே வாஸ் அடிகளாரும், 1705இல் வந்து 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் இம்மக்களிடையே பணியாற்றினர். கொங்கணத்தைத் தாயகமாகக் கொண்ட கொன்சால்வெஸ், தமிழும் சிங்களமும் கற்று இரண்டிலும் எழுதியவர். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் ஒப்பாரி இசையில் இன்றும் படிக்கப்படுகிறது.

இவ்வரலாற்றில் எந்தப் புள்ளியில் நின்று, இதுதான் மன்னாரின் கலப்பில்லாத மரபு என்று சுட்டுவது? இப்பகுதி நாடகங்களுள் பெயர்பெற்ற ஒன்றின் தலைப்பே என்றிக்கு எம்பரதோர் நாடகம் என்பதாகும். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். மாதோட்டத்துப் புலவர் கீத்தாம்பிள்ளை அதை விருத்தத்திலும் கொச்சகத்திலும் ஏற்றிப் பாடினார். சப்பாத்து, மேசை, அலுமாரி, யன்னல், சாவி என்று ஈழத்தமிழர் வீட்டுக்குள் புழங்கும் சொற்களைப் போலவே எம்பரதோரும் நெடுங்காலப் பயிற்சியால் அயன்மை நீங்கிப்போனான். சொல்லைக் கடன்பெற்றவர்கள் யாப்பைக் கடன்பெறவில்லை. கதையை வெளியிலிருந்து எடுத்துக்கொண்டவர்கள், கதாபாத்திரம் எப்படி அரங்குக்கு வரவேண்டும், எப்படித் தன்னை அறிமுகம் செய்யவேண்டும் என்ற விதிகளைத் தமிழ்க் கூத்திலிருந்தே எடுத்துக்கொண்டனர். மூவிராசாக்கள் நாடகத்தில் பெத்லகேமை நோக்கிப் புறப்படும் மூன்று அரசர்களும் தமிழ்க் கூத்து அரசர்கள் வரும் வழியில்தான் வருகின்றனர்.

பேசாலையில் இக்கலப்பு இன்னும் துலக்கமாகத் தெரியும். வெற்றிநாயகி அன்னை ஆலயத்தைச் சூழ்ந்த அவ்வூரில், இயேசுவின் பாடுகளை உருவங்களைக் கொண்டு காட்டும் உடக்குப்பாஸ் என்ற நிகழ்வு பெயர்பெற்றது. உடக்கு என்பது அசைக்கத்தக்க உறுப்புகள் கொண்ட பாவையுருவம். பாஸ் என்பதும் பாஸ்கு என்பதும் இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகத்துக்கு வழங்கும் பெயர்கள். சிலுவை சுமப்பதும் விழுவதும் அறையப்படுவதும் உருவங்களால் நிகழ்த்தப்பட, மனிதர்களின் பங்கு குரலாகவும் புலம்பலாகவும் ஒலிக்கிறது. மேற்கத்திய மறைநாடகத்தின் சாயல் இதில் தெளிவாகவே உண்டு. ஆயினும் இறந்தவரைச் சுற்றி அமர்ந்து பாடும் ஒப்பாரியின் இசையை அறியாத ஒரு சமூகத்தால் இதை இவ்வாறு நிகழ்த்தியிருக்க முடியாது என்பதும் அதே அளவு தெளிவு.

1950களில் இலங்கையின் இரு மொழிச் சமூகங்களும் தத்தமக்கெனத் தேசிய அரங்கு ஒன்றைத் தேடியபோதுதான், மரபு என்ற சொல் இன்று அது சுமக்கும் பாரத்தைப் பெற்றது. எதிரிவீர சரச்சந்திரவின் மனமே 1956 நவம்பரில் கொழும்பில் மேடையேறி, சிங்கள நாடகத்துக்கு அதன் சொந்த வடிவத்தை மீட்டுத்தந்ததாகக் கொண்டாடப்பட்டது. அவர் எடுத்துக்கொண்ட வடிவம் நாடகம என்று சிங்களத்தில் வழங்கும் நாட்டார் இசைநாடகம். சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்ற மரபுவழி ஆசிரியரே அதன் இசைக்குத் துணைநின்றார். அந்த நாடகம கத்தோலிக்கக் கரையோரங்களின் வழியாகத் தமிழ்க் கூத்திலிருந்து சிங்களத்துக்குச் சென்றது என்பதைச் சரச்சந்திரவே தம் ஆய்வில் எடுத்துரைத்தவர்; சிங்கள நாடகமகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகக் கருதப்படும் ராஜதுன்கட்டுவவும் மூன்று அரசர்களின் கதையே. மனமேயின் வெற்றியைக் கண்ணுற்ற பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன், தமிழ்க் கூத்தையும் அவ்வாறே மீட்கலாம் என்று ஊக்கங்கொண்டார். தமிழிலிருந்து சென்ற வடிவம் சிங்களத் தேசிய வடிவமாகி, அதன் புகழ் தமிழர்களைத் தம் கூத்தின் பக்கம் மீண்டும் திரும்பிப்பார்க்கச் செய்தது. தூய தோற்றுவாய் என்ற கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு இத்தீவின் கலைவரலாற்றில் கிடைப்பது அரிது.

வித்தியானந்தனின் பணி ஈழத்தமிழர் என்றும் நன்றியோடு எண்ணவேண்டிய பணி. படித்தவர்கள் பாமரர் கூத்து என்று ஒதுக்கியிருந்ததை அவர் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். கர்ணன் போர் 1962இலும் நொண்டி நாடகம் 1963இலும், பின்னர் இராவணேசனும் வாலிவதையும் அரங்கேறின. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்டவை, ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கேற்பச் சில மணி நேரத்துக்குள் அடக்கப்பட்டன. அதே ஆண்டுகளில், கையெழுத்தில் மட்டும் வாழ்ந்த கூத்துப் பிரதிகளையும் அவர் அச்சுக்குக் கொண்டுவந்தார். என்றிக்கு எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும், ஞானசவுந்தரி நாடகம் 1967இலும் நூல்களாயின. இவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒன்று புலப்படும். பேராதனைத் தயாரிப்புகளுள் பெரும்புகழ் பெற்றவை பாரதத்திலிருந்தும் இராமாயணத்திலிருந்தும் எழுந்தவை. மன்னாரின் கிறித்தவக் கதைகளுக்குக் கிடைத்தது அச்சு. இதிகாசத்துக்கு மேடையும் புனிதர்களுக்குப் புத்தகமும் என்ற இப்பங்கீடு யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தோன்றவில்லை. ஆட்டம் மிகுந்த மட்டக்களப்புக் கூத்து மேடைக்கு எளிதில் பொருந்தியது என்பதும், பாட்டு மிகுந்த மன்னார்க் கூத்து இலக்கியப் பிரதியாக வாசிக்க இசைந்தது என்பதும் நியாயமான காரணங்களே. எனினும் தமிழரின் தேசிய அரங்கு எப்படி இருக்கும் என்று அக்காலம் எண்ணிப்பார்த்தபோது, அக்கற்பனையின் நடுவில் எம்பரதோருக்கு இடம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

இவ்விடத்தில்தான் அவுஸ்திரேலியாவின் அனுபவம் கைகொடுக்கிறது. நடு அவுஸ்திரேலியாவின் ஹேர்மன்ஸ்பேர்க் லூத்தரன் மிசனில் பிறந்த அரண்டா இனத்தவரான ஆல்பெர்ட் நமாட்ஜிரா, 1930களில் வெள்ளை ஓவியர் ஒருவரிடம் நீர்வண்ண முறையைக் கற்று, தம் நிலத்தின் மலைகளையும் வெண்மரங்களையும் வரைந்து பெரும்புகழ் பெற்றார். ஆனால் கலை விமர்சகர்கள் பலர் அவ்வோவியங்களை மேற்கத்திய நிலக்காட்சியின் போலி என்றனர். பூர்வகுடி ஒருவர் வரைந்திருந்தும் அவை பூர்வகுடி ஓவியமாகக் கருதப்படவில்லை. அவர் 1959இல் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே, அவர் வரைந்த மலைகள் ஒவ்வொன்றும் தம் மூதாதையரின் பயணத்தடங்கள் என்பதும், நீர்வண்ணத்தில் அவர் செய்தது தமக்குரிய நிலத்தின் மீதான உரிமையை எழுதிவைத்த செயல் என்பதும் பரவலாக உணரப்பட்டன. மாறாக, 1971இல் பப்புன்யா என்ற குடியிருப்பில் ஜெப்ரி பார்டன் என்ற பாடசாலை ஆசிரியரின் தூண்டுதலால் முதியவர்கள் பலகையிலும் பின்னர் துணியிலும் வரையத் தொடங்கிய புள்ளி ஓவியங்கள் பழமையின் அசல் வெளிப்பாடாக உலகச் சந்தையில் வரவேற்கப்பட்டன. இவை அக்ரிலிக் எனப்படும் தொழிற்சாலை வண்ணத்தில் வரையப்பட்டவை. அதுவரை மணலிலும் உடலிலும் சடங்குக்காக மட்டும் வரையப்பட்டு அழிக்கப்பட்ட உருவங்கள், விற்பனைக்காக நிலையான பரப்பில் ஏறியது அதற்கு முன் இல்லாத புதுமை. கண்ணுக்குப் பழையதாகத் தெரிந்த புதுமை அசல் என்றும், கண்ணுக்குப் புதியதாகத் தெரிந்த பற்று போலி என்றும் தீர்ப்பிடப்பட்டன. தீர்ப்பிட்டவர்கள் வரைந்த சமூகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

அச்சமூகங்களுக்குள் இருந்த அளவுகோல் வேறு. வார்ல்பிரி மக்களிடையே மூதாதையர் நிலத்தை உருவாக்கிய கனவுக்காலத்தின் ஒரு கதைக்கும் அதன் வடிவங்களுக்கும் இருவகைப் பொறுப்பாளர் உண்டு. தந்தைவழியில் உரிமை பெறுபவர் கிர்டா. தாய்வழியில் அதே கதையோடு உறவு கொண்டு, அது சரியாகப் பாடப்படுகிறதா, சரியாக வரையப்படுகிறதா என்று மேற்பார்வை செய்பவர் குர்டுங்குர்லு. உரியவர் வரைந்தாலும் மேற்பார்ப்பவர் ஒப்பாவிட்டால் அது பிழை. மிகத் திறமையாக வரைந்தாலும் உரிமை இல்லாதவர் வரைந்தால் அது திருட்டு. எந்த வண்ணம், எந்தப் பரப்பு என்பது அங்கே இரண்டாம் கேள்விதான். பப்புன்யாவின் தொடக்ககால ஓவியங்களைப் பற்றி அயல்சமூகத்து முதியவர்கள் எழுப்பிய முறைப்பாடும் வண்ணத்தைப் பற்றியதன்று. சடங்கறிவு பெறாதவர்கள் காணக்கூடாத உருவங்கள் வெளியே காட்டப்பட்டன என்பதே. அதன் பின்னரே ஓவியர்கள் அவ்வுருவங்களைத் தவிர்த்தும் புள்ளிகளால் மறைத்தும் வரைந்தனர்.

அவுஸ்திரேலிய அரசும் சட்டமும் இதை மெல்லமெல்லவே கற்றன. 1966இல் வெளியான ஒரு டொலர் நாணயத்தாளில் டேவிட் மலாங்கியின் மரப்பட்டை ஓவியம் அவரைக் கேளாமலே பயன்படுத்தப்பட்டது. பெயர் அறியப்படாத பழங்குடிக் கலை என்று கருதியவர்கள், அதை வரைந்தவர் உயிரோடு இருப்பதைப் பின்னரே அறிந்து, 1000 டொலரும் பதக்கமும் மீன்பிடிக் கருவிகளும் கொடுத்தனர். 1998இல் ஜோன் புலுன் புலுனின் ஓவியம் துணியில் அச்சிடப்பட்டது பற்றிய வழக்கில், ஓவியரின் பதிப்புரிமையைக் குலம் பங்குபோட்டுக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று கூறிய கூட்டாட்சி நீதிமன்றம், அவ்வோவியத்தைக் காக்கும் கடமை ஓவியருக்குத் தம் குலத்திடம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டது. படைத்தவர் ஒருவர், உரியவர்கள் பலர் என்ற நிலையை மேற்கத்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் மொழியில் சொல்ல எடுத்த முயற்சிகளுள் இது முக்கியமானது.

மன்னாருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வடகிழக்கு ஆர்னெம் நிலத்தின் யிர்க்கலா. அங்கே யொல்ங்கு மக்களின் முதியவர்கள் 1962-63இல் இரண்டு பெரும் பலகைகளில் தம் குலங்களின் கதைவடிவங்களை வரைந்து, மெதடிஸ்த மிசன் ஆலயத்தில் வைத்தனர். தம் மூதாதையர் வடிவங்களைக் கிறித்தவ ஆலயத்துக்குள் வைப்பதால் அவை தூய்மை கெடும் என்று அவர்கள் எண்ணவில்லை; தம் சட்டமும் அவ்வாலயத்தில் இடம்பெறத் தக்கது என்பதையே அச்செயலால் அறிவித்தனர். 1970களில் ஆலயத்திலிருந்து அகற்றப்பட்ட அப்பலகைகள், பிற்பாடு யிர்க்கலா கலைநிலையத்தில் மதிப்போடு வைக்கப்பட்டன. மன்னார் அண்ணாவியார்கள் எம்பரதோரைத் தமிழ் யாப்புக்குள் வரவேற்றதற்கும் யொல்ங்கு முதியவர்கள் செய்ததற்கும் திசை நேர்மாறு. முன்னவர்கள் வந்த மறையைத் தம் வடிவத்துக்குள் இருத்தினர், பின்னவர்கள் தம் வடிவத்தை வந்த மறையின் இல்லத்துக்குள் இருத்தினர். இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் அம்மக்களே. மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் உறவுமரம் அவுஸ்திரேலியாவின் கிம்பர்லி வரட்சிநிலத்தில் வளர்கிறது என்பதும், அதன் காய்களைச் செதுக்குவது அங்குள்ள பூர்வகுடிக் கலைகளுள் ஒன்று என்பதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. பள்ளிமுனை மரம் அரபு வணிகரால் ஆபிரிக்காவிலிருந்து வந்தது என்பர். அதை அயல்மரம் என்று மன்னாரில் யாரும் கருதுவதில்லை.

கிர்டா, குர்டுங்குர்லு என்ற இரட்டைப் பொறுப்பை மனத்தில் கொண்டு மன்னார்க் கூத்தின் இரவை மீண்டும் நோக்கினால், அதுவரை பழக்கவழக்கமாக மட்டும் தெரிந்தவை உரிமையின் ஒழுங்காகத் தெரியத் தொடங்கும். பங்கின் பாதுகாவலரான புனிதரின் திருநாளையொட்டி, பெரும்பாலும் நேர்த்தியாக, கூத்து எடுக்கப்படுகிறது. பங்கு என்பது ஓர் ஆலயத்தைச் சார்ந்த மக்கள் தொகுதி. எந்த ஏட்டை எடுப்பது, யாருக்கு எந்த வேடம் என்பவற்றை அண்ணாவியாரும் ஊர்ப்பெரியவர்களும் கூடித் தீர்மானிக்கின்றனர். நீண்ட கூத்துகளில் ஒரே அரச வேடத்தை இரண்டு மூன்று பேர் பகுத்துக்கொள்வது வடபுலக் கத்தோலிக்கரிடையே வழக்கம். குரலுக்கு ஓய்வு தரும் ஏற்பாடு என்று வெளியார் காணும் இது, ஊரில் பல குடும்பங்களுக்கும் நேர்த்தியில் பங்கு கிடைக்கச் செய்யும் ஏற்பாடாகவும் அமைகிறது. முன்னொரு காலத்தில் அதே வேடம் தாங்கியவர்கள் அரங்கின் முன்னே அமர்ந்திருக்கின்றனர். அவர்களுக்குத் தரு, அதாவது கூத்துப்பாட்டு, மனப்பாடம். ஓரடி விலகினால் அவர்கள் முகத்திலேயே அது தெரிந்துவிடும். அண்ணாவியார் ஏட்டுக்கு உரியவர் என்றால், கீழே அமர்ந்திருக்கும் அம்முதியவர்கள் மேற்பார்ப்பவர்கள். புதிய பாட்டைச் சேர்ப்பதும் பழைய பாட்டைத் தள்ளுவதும் இவ்விரு சாராருக்கும் இடையே நடப்பவை; அப்படி நடந்த மாற்றங்களின் தொகையே இன்று மரபு என்ற பெயரில் கையளிக்கப்படுகிறது.

அச்சுப் பதிப்பு இவ்வொழுங்கில் ஏற்படுத்திய மாற்றம் நுட்பமானது. கொப்பியில் இருந்தவரை, ஏட்டைப் பெற விரும்புபவர் அண்ணாவியாரிடம் செல்லவேண்டும். ஊருக்கு ஊர் பிரதி சற்றே வேறுபடும், வேறுபாடு பிழையாகக் கருதப்படாது. நூலான பின், ஒரு பிரதி மூலமாகவும் மற்றவை பாடபேதமாகவும் நிலைமாறின. அழிந்துபோயிருக்கக்கூடியவற்றைக் காத்தது அச்சு என்பதில் ஐயமில்லை, போர்க்காலத்தில் அதன் அருமை இரட்டித்தது. ஆனால் காக்கப்பட்டதோடு, எது சரியான பிரதி என்று சொல்லும் அதிகாரமும் ஊரிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் சிறிது நகர்ந்தது. பாடசாலைகளின் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் பண்பாட்டு விழாக்களிலும் நாட்டுக்கூத்துக்கு இடம் கிடைத்தபோது அந்நகர்வு முழுமை பெற்றது. இரவு முழுவதும் நீளும் கூத்து அங்கே சில பத்து நிமிடங்களுக்குள் அடங்கவேண்டும். அடங்கியது மரபுப்படி இருந்ததா என்பதை நடுவர்கள் முடிவுசெய்கின்றனர். இளையோர் கூத்தைக் கற்பதற்கு இப்போட்டிகளே பல ஊர்களில் எஞ்சிய வழி என்பதால் அவற்றைக் குறைகூறித் தள்ளிவிட முடியாது. எனினும் நடுவர் மேசையில் அமர்ந்திருப்பவர், முன்வரிசையில் அமர்ந்திருந்த முதியவருக்கு ஈடாகமாட்டார். அவர் அவ்வேடத்தைத் தாங்கியவருமல்லர், அப்புனிதருக்கு நேர்ந்தவருமல்லர்.

கூத்து மாறக்கூடாது என்று இதற்குப் பொருளன்று. முருங்கனில் முத்தமிழ்க் கலாமன்றத்தை நிறுவிய குழந்தை செபமாலை புதிய கதைகளைக் கூத்தாக்கி எழுதினார். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் புதிய மேடையையும் பல வழிகளில் இணைத்துப் பார்த்தது. மாற்றத்தைப் பற்றிய ஈழத்தின் கூர்மையான விவாதம் எழுந்தது மட்டக்களப்பில். பேராசிரியர் சி. மௌனகுரு, வித்தியானந்தனின் வழியில் நின்று, கூத்தின் ஆட்டத்தையும் இசையையும் செப்பமுறச் செய்து நவீன அரங்கின் வளமாக்கும் நெறியை வளர்த்தார். சி. ஜெயசங்கர் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், மாற்றம் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டே, அது கூத்து ஆடும் சமூகத்துக்குள், அச்சமூகத்தின் உரையாடலால், அதன் களரியிலேயே நிகழவேண்டும் என்றது. இரு நெறிகளும் ஈழத்து அரங்குக்குப் பயன் தந்தவை. முதல் நெறியால்தான் கூத்துக்கு உலகெங்கும் பார்வையாளர் கிடைத்தனர். ஆனால் மன்னாரைப் பொறுத்தவரை, மாற்றத்தை முடிவுசெய்பவர் யார் என்று இரண்டாம் நெறி எழுப்பும் கேள்வியே அடிப்படையானது. பெண்ணின் பாத்திரத்தைப் பெண்ணே ஏற்கலாமா, பிற சமயத்தையோ சாதியையோ தாழ்த்தும் அடிகள் பழைய ஏட்டில் இருந்தால் நீக்கலாமா என்பவற்றுக்கு விடைகாணும் உரிமை வங்காலையிலும் பேசாலையிலும் கூத்து எடுப்பவர்களுடையது. வெளியிலிருந்து செல்லும் ஆய்வாளர் அதற்குத் துணையாகலாம்.

உரிமை ஊரில் தங்கியிருக்கிறது என்றால், ஊர் கலைந்தபோது அது என்னவாயிற்று என்ற வினாவைத் தவிர்க்க முடியாது. மன்னார்க் கரையோரம் மூன்று தசாப்தப் போரில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தது; 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி போன்ற பழம்பெரும் ஊர்கள் வெறுமையாகின; 2008இல் மடு மாதாவின் சுருவமே தேவன்பிட்டிக்கு எடுத்துச்செல்லப்படவேண்டியிருந்தது. அகதி முகாமில் பங்கு இருந்தாலும் களரி இல்லை, அண்ணாவியார் இருந்தாலும் முன்வரிசையில் அமரவேண்டியவர்கள் வேறு முகாமிலோ வேறு நாட்டிலோ இருந்தனர். அப்படிச் சிதறியவர்களிடம் போய், உங்கள் கூத்து பழைய கூத்தைப்போல இல்லையே என்று கேட்பது கொடுமை.

தொன்மையை அளவுகோலாக்குவதன் ஆபத்தை மாந்தை வேறொரு வகையிலும் காட்டியது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். ஆறுமுக நாவலர் 1872இல் அதை மீள எழுப்புமாறு வேண்டினார். அதே மண்ணில்தான் மடு மாதாவின் முதல் ஆலயமும் இருந்தது. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முன்தினம், கோயிலுக்குச் செல்லும் வழியின் வளைவு ஒன்றைப் பற்றி இரு சமயத்தாரிடையே மூண்ட மோதல், யார் முதலில் வந்தவர் என்ற கேள்வி இன்றும் எவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்ளும் என்பதற்குச் சான்று. அக்கேள்வியைக் கேட்டால் எம்பரதோர் எப்போதும் தோற்றுக்கொண்டேயிருப்பான். இந்த ஏட்டை இத்தனை தலைமுறையாகச் சுமந்து, அதற்காக உறக்கம் விழித்து, பிழை வந்தால் வெட்கி, நேர்த்தியாக ஒப்புக்கொடுத்தவர் யார் என்று கேட்டால், விடை வங்காலை மணலிலும் பேசாலைக் கரையிலும் எழுந்து நிற்கும்.

1960களில் அச்சான மன்னார் நாடகங்களை இன்று யாரும் தேடி எடுத்து வாசிக்கலாம். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் விருத்தம், தரு, கொச்சகம், இன்னிசை என்று அதன் வகை குறிக்கப்பட்டிருக்கும். பாடுபவர் பெயர் இருக்கும். அடிகள் பிழையின்றி வரிசையாக நிற்கும். அத்தருவை எந்த இடத்தில் இழுப்பது, எந்தச் சீரில் மத்தளம் விழுவது, பிற்பாட்டு எங்கே எடுத்துக்கொள்வது என்பவை அப்பக்கத்தில் இல்லை. அவை அண்ணாவியார்களின் தொண்டையிலும், அவர்களிடம் ஏடு கற்றவர்களின் காதிலும் இருக்கின்றன. நூலைக் கையில் வைத்திருப்பவர் பாட்டைக் கேட்க விரும்பினால், தாம்போதியைக் கடந்து மன்னாருக்குள் சென்று, அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.